முற்றத்துத் தகரம்

ஃபரங்கீஸ் கானுமுக்குக் கோபம் வராத நாள் எது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை என்பார்கள். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. கேலிக்குச் சொல்வதுதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. ஈரானில் யஸ்த் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவள் சுகாதாரப் பணியாளர். பேன் பார்ப்பது, பல் பார்ப்பது, எடை போடுவது, சுவரில் அட்டையை மாட்டி ஒற்றைக் கண்ணால் எழுத்துப் படிக்கச் சொல்வது, வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கணக்குப் பாடத்துக்குத் தப்பி வருகிறவளைக் காதைத் திருகித் திருப்பி அனுப்புவது, எல்லாம் அவள்தான். பெயரோடு சேர்கிற அந்த 'கானும்' மரியாதைக்காக. அதைச் சொல்லாமல் கூப்பிட்டுவிட்டுத் தப்பித்தவர்கள் யாரும் கிடையாது.

கோபக்காரியே ஒழிய கெட்டவள் இல்லை. பள்ளி வாசலில் சாய ஐஸ் விற்றவனின் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் விட்டுவிட்டு வந்தவள். கணவன் இஸ்கந்தர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அவர் வாயே திறப்பதில்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பார் கேட்டால். ஒரே மகன் தெற்கே துறைமுகத்தில் வேலையாக இருக்கிறான். ஆக, திட்டுவதற்குப் பள்ளிப் பிள்ளைகளை விட்டால் அவளுக்கு வேறு நாதி இல்லை.

மாதம் ஒருமுறை அவள் வகுப்பு வகுப்பாகப் போய் விட்டமின் டி மாத்திரை கொடுப்பாள். மஞ்சளாக, முத்துப்போல உருண்டையாக இருக்கும். தண்ணீர் விட்டு விழுங்கினால் ஒரு நொடி வேலை. ஆனால் யாரோ ஒரு புண்ணியவதி கிளப்பிவிட்டிருந்தாள், இதைத் தின்றால் மீசை முளைக்கும் என்று. அவ்வளவுதான். பிள்ளைகள் நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் துப்பினார்கள். ஒருநாள் தாழ்வாரத்துப் பூந்தொட்டியைக் கிளறினால் உள்ளே கைப்பிடி கைப்பிடியாக மஞ்சள் முத்து.

"மீசை முளைக்குமாமே! முளைக்கட்டும்டி! எலும்பு உடைஞ்சு கிடக்கிறதுக்கு மீசையோட நடந்து போறது மேல்!" என்று அன்றைக்கு அவள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

எலும்பு உடையும் என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாளே தவிர, அது நடக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

பள்ளி திறந்து இரண்டாம் மாதம். இடைவேளை மணி அடித்ததும் எட்டாம் வகுப்பு மஹ்பானு படிக்கட்டிலிருந்து குதித்தாள். மாடியிலிருந்து இல்லை, சுவரிலிருந்து இல்லை. ரெண்டே ரெண்டு படி. நாலு வயதுக் குழந்தை குதிக்கிற உயரம். குதித்தவள் எழுந்திருக்கவில்லை. ஃபரங்கீஸ் ஓடிப்போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. பிள்ளை அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனைக்குக் கூடவே போனாள். மஹ்பானுவின் அம்மா கவ்கப், மிட்டாய்ப் பட்டறையில் பெட்டி கட்டுகிறவள், சட்டைக் கையில் பஞ்சுமிட்டாய் இழை ஒட்டியிருக்க அப்படியே ஓடிவந்தாள். கட்டுப்போட்ட பிறகு இளவயது டாக்டர் ஒருத்தி ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள்.

"நீங்க எந்த ஊர்?"

"இதே ஊர்தான் டாக்டர்" என்றாள் கவ்கப்.

"மழையும் மேகமுமா இருக்கிற வடக்குச் சீமையிலேர்ந்து வந்தவங்களோன்னு நெனச்சேன். ரத்தத்துல விட்டமின் டி முப்பதுக்கு மேல இருக்கணும், இவளுக்கு ஆறு இருக்கு. எலும்புல பலமே இல்லை. இந்தப் பிள்ளை மேல வெயிலே படறதில்லையா?"

கவ்கப் யோசித்தாள். "வீட்ல முற்றம் ஏது டாக்டர்? ஒரே ஜன்னல், அதுவும் எதிர்வீட்டைப் பார்த்து. எப்பவும் திரையை இழுத்துத்தான் வெச்சிருப்போம். காலையில வேன்ல ஏத்தி விடறேன், மத்தியானம் வேன்ல வந்து இறங்கறா. வெளியில போனா தலையிலேர்ந்து கால்வரைக்கும் மூடித்தான் போவா. பால் கொடுக்கிறேன், முட்டை கொடுக்கிறேன். வேற என்ன செய்யட்டும்?"

"மருந்து எழுதித் தர்றேன். ஆனா மருந்தை மட்டும் நம்பி உக்காராதீங்க. தினம் கொஞ்ச நேரம் வெயில் வேணும். கை, கால், தலை திறந்து இருக்கணும். கண்ணாடிக்குப் பின்னால உக்காந்தா பிரயோஜனம் இல்லை. இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் இவ எலும்பு வளரும். அதுக்குள்ள தேறலைன்னா கால் வளைஞ்சே நின்னுடும்."

கவ்கப் திரும்பி ஃபரங்கீஸைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல விளையாட விடறீங்கதானே கானும்? அங்க வெயில் இருக்கும்ல?"

பள்ளி முற்றத்தில் வெயில் கிடையாது. எட்டு வருடமாக இல்லை. சுவருக்குச் சுவர் தகரக் கூரை. ஊரெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது, முந்நூறு பெண் பிள்ளைகள் பட்டப்பகலில் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு பந்து விளையாடினார்கள்.

அந்த டாக்டரையே பிடித்து, விடாமல் நச்சரித்து, பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கி, எட்டாம் வகுப்பு முழுவதற்கும் ரத்தம் எடுக்க வைத்தாள். முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேருக்குக் குறைவு. தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை ஸுபைதே கானுமின் அறைக்குள் நுழைந்தாள்.

"தகரத்தைக் கழட்டணும்."

"முதல்ல உக்காருங்க. டீ குடிங்க."

"டீ வயித்துல இறங்காது. இருபத்தேழு பிள்ளைங்க! இது பள்ளிக்கூடமா, காளான் வளர்க்கிற கொட்டகையா?"

ஸுபைதே கானும் ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. யாரோடும் மோதாமல் அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிரார்த்தனை. "பக்கத்துல ஆறு மாடி நிக்குதே, மறந்துட்டீங்களா? அத்தனை ஜன்னலும் நம்ம முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கு. பிள்ளைங்க உள்ள தலையைத் திறந்துட்டு ஓடியாடறாங்கன்னா அந்தத் தகரம் இருக்கிற தைரியத்துலதான். கழட்டினா நாளைக்கே பெத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்க."

"எந்த மடப்பயல் வேலை இது? பிள்ளைங்களை உள்ள வெச்சு மூடி போட்டுட்டு அதுக்குப் பேர் பாதுகாப்பா? யோசனை சொன்னவனைக் கூப்பிடுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் கேக்கறேன்."

தலைமையாசிரியை பீரோவிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து, ஒரு தாளைத் தேடி, அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

எட்டு வருடத்துக்கு முந்திய மனு. பக்கத்துக் கட்டடத்திலிருந்து வேலையாட்கள் பிள்ளைகளைப் பார்த்து விசில் அடிக்கிறார்கள், முற்றத்தை உடனே மூட வேண்டும் என்று எழுதியிருந்தது. மேலே 'அவசரம்' என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தது. எழுத்து அவளுடையது. கோடு அவளுடையது. அடியில் முதல் கையெழுத்தும் அவளுடையதே.

ஃபரங்கீஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. கட்டடம் அப்போது வெறும் எலும்புக்கூடு. ஜன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை, ஓட்டைக்கு இரண்டு வேலையாட்கள். கல்லை எடுத்து எறிந்தவள் அவள்தான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். கட்டடக்கார ஹாஜி குல்ஷன் மனு கைக்கு வந்ததுமே மறுபேச்சுப் பேசாமல் தகரம் இறக்கினார். நாலே நாளில் கூரை. அன்றைக்கு அவள் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள்!

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை" என்றாள் ஸுபைதே கானும் மெதுவாக.

"நீங்க சொல்லவே வேணாம்" என்றாள் ஃபரங்கீஸ். தாளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

அன்று பள்ளி விட்டதும், சாதோர் என்கிற கறுப்புப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். ஆறு மாடிக்கும் ஏறி ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்ச வேண்டியது, பள்ளி நேரத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள் என்று. கெஞ்சிப் பழக்கமில்லாதவள். படியேறும்போதே என்ன சொல்வது என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். முழங்கால் வலி வேறு. நாலாம் மாடியில் மூச்சு முட்டி, முதலில் கண்ணில் பட்ட கதவைத் தட்டினாள். கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் திறந்தாள், பெயர் நாஹீத்.

ஃபரங்கீஸ் விஷயத்தைச் சொன்னாள். நாஹீத் முழித்தாள்.

"பள்ளிக்கூடத்தைப் பாக்கிற ஜன்னலா? எங்க வீட்லயா?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தாம்மா பள்ளிக்கூடம்."

"அப்படியா! சத்தம் கேக்கும். என்ன இடம்னு தெரியாது. வெளியிலேர்ந்து பார்த்தா தகரக் கூரைதான் தெரியும், ஏதோ கிடங்குன்னு நெனச்சுட்டு இருந்தேன். வாங்க, நீங்களே பாருங்க."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். அந்தப் பக்கம் இருந்தது குளியலறையும் சமையலறையும். இரண்டு ஜன்னலிலும் பால்போல வெளுத்த கண்ணாடி. திறக்க வராது, சட்டத்தோடு சேர்த்துப் பூசி அடைத்திருந்தது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தாலும் வெளிச்சம் தெரியுமே தவிர ஆள் தெரியாது.

"இது எப்ப போட்டது?"

"கட்டும்போதே போட்டதுதான். அந்தப் பக்கம் பார்வை போகக்கூடாதுன்னு நகராட்சி இப்படித்தான் போடணும்னு சொல்லிடுச்சாம், எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. ஆறு மாடியிலயும் இதே கதைதான். எங்களுக்கும் இந்தப் பக்கத்து வெயில் ஒரு பொட்டு வர்றதில்லை. இவனுக்கு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கார், வெயில் பத்தலைன்னு."

ஃபரங்கீஸ் அந்தக் கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் கண்ணாடியால் மூடியாயிற்று, அந்தப் பக்கம் தகரத்தால் மூடியாயிற்று. தகரம் போட்ட பிறகு முற்றத்திலிருந்து கட்டடமே கண்ணில் படவில்லை. அண்ணாந்தால் தகரம். அந்த ஓட்டைகளுக்கு என்ன கண்ணாடி வந்தது என்று எட்டு வருடமாக ஒரு ஜீவன் பள்ளி வாசலைத் தாண்டி வந்து பார்க்கவில்லை. 'அவசரம்' என்று இரண்டு கோடு போடத் தெரிந்தவளுக்கு நாலு மாடி ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அட பாவி" என்றாள். நாஹீத் திடுக்கிட்டாள். "உன்னைச் சொல்லலைம்மா. என்னைச் சொல்லிக்கறேன்."

செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மாக்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஃபரங்கீஸ் எழுந்து நின்று இருபத்தேழு பிள்ளைகளின் கணக்கைச் சொன்னாள். உடனே ஆரம்பித்தார்கள்.

"தகரத்தை எடுத்துட்டா ஊரே வேடிக்கை பாக்கும்" என்றாள் ருக்ஸாரே, பெற்றோர் சங்கத்தின் தலைவி. "மாத்திரை இருக்கு, கொடுங்க. அதுக்குத்தானே சம்பளம் வாங்கறீங்க? இந்தத் தகரத்தைப் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? நீங்கதானே? இப்ப என்ன புதுசா?"

"நான்தான்" என்றாள் ஃபரங்கீஸ். "நான்தான் மனு எழுதினேன், நான்தான் கையெழுத்து வாங்கினேன். அன்னைக்கு அவசியம் இருந்துச்சு. அதுக்கப்புறம் எட்டு வருஷமா நான் போய்ப் பாக்கலை. அது என் தப்பு. என் தப்புக்கு மஹ்பானுவோட கால் போயிடுச்சு. இப்ப நீங்க எல்லாரும் எழுந்திருங்க. என் பின்னால வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க, அப்புறம் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டுங்க."

நாற்பது பேரும் கறுப்புச் சாதோரோடு தெருவில் போனதைப் பார்த்து, எதிர்க்கடை ரொட்டிக்காரர் யார் வீட்டில் மரணம் என்று விசாரித்தார். நாலாம் மாடியில் நாஹீத் கதவைத் திறந்தாள். "வாங்க, வாங்க, வீடு உங்களுதுதான்" என்றவள், ஃபரங்கீஸின் காதில், "நாப்பது பேருக்கு டீ போட என்கிட்ட கிளாஸ் இல்லையே கானும்!" என்று கிசுகிசுத்தாள். ஆறாறு பேராகக் குளியலறைக்குள் போனார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள், தள்ளினார்கள், ஒருத்தி மூக்கை வைத்து அழுத்திப் பார்த்தாள். ருக்ஸாரே மட்டும் நம்பாமல் ஆறாம் மாடிவரை ஏறி இறங்கினாள். இறங்கி வந்தவள் யாரையும் பார்க்காமல், "என் பொண்ணுக்கும் ரத்தத்துல எட்டுதான் இருக்காம்" என்றாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் ஸுபைதே கானும், "சரி, மேலதிகாரிகளுக்கு எழுதிப் போடறேன். அனுமதி வந்ததும் கழட்டிடலாம்" என்றாள்.

"எப்ப வரும்?" என்றாள் கவ்கப். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

"நவ்ரூஸ் பண்டிகைக்குள்ள வந்துடும்."

"தகரம் போட எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்."

"போடறதுக்கு நாலு நாள், எடுக்கறதுக்கு நாலு மாசமா? என் பிள்ளையோட எலும்பு உங்க கடுதாசிக்காகக் காத்துட்டு இருக்காது கானும்." கவ்கப் சாதோரைக் கழற்றி இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "ஏணி எங்க இருக்கு?"

பள்ளி நேரத்தில் ஆண்களை உள்ளே விட முடியாது. அதனால் பெண்களே ஏறினார்கள். திருகாணி துருப்பிடித்துப் போயிருந்தது. ஃபரங்கீஸ் மருந்து அறையிலிருந்து பாரஃபின் எண்ணெய் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருந்தவர்களைத் திட்டித் தீர்த்தாள். "அந்தப் பக்கம் திருகுடி! பெட்டி கட்டத் தெரியுது, திருகாணி கழட்டத் தெரியலை!" மாலைக்குள் தெற்குப் பக்கத்தில் பத்துத் தகரம் இறங்கியது. ஸுபைதே கானும் அறைக்குள் உட்கார்ந்து, தனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதம் தன் வேலையைச் சரியாகச் செய்தது, வசந்தத்தில் ஃபரங்கீஸுக்கு ஊர்க்கோடிப் பள்ளி ஒன்றுக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் போய் முதல் நாளே சண்டை போட்டாள் என்பது வேறு கதை.

மறுநாள் பத்து மணி இடைவேளைக்கு முற்றத்தின் நடுவில் பாய் விரித்த மாதிரி வெயில் விழுந்திருந்தது. முந்நூறு பிள்ளைகளும் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்து, வெயிலைச் சுற்றி நிழலில் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே காலை வைக்கவில்லை.

"போங்கடி! எதுக்கு நிக்கறீங்க?"

"கண்ணு கூசுது கானும்."

"கறுத்துப் போயிடுவோம் கானும். அடுத்த மாசம் எங்க அக்கா கல்யாணம்."

"எங்கம்மா முகத்துல வெயில் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"மேலே ஜன்னல் தெரியுது கானும், பயமா இருக்கு."

ஃபரங்கீஸுக்கு உச்சந்தலை கொதித்தது. இதற்குத்தானா நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறியது, இதற்குத்தானா ஏணியைப் பிடித்தது? "அறிவு கெட்டதுகளா! கறுத்தா என்னடி, உடைஞ்சா பரவாயில்லையா? மஹ்பானுவைப் பாருங்க!"

மஹ்பானு அன்றைக்குத்தான் சக்கர நாற்காலியில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்திருந்தாள். நிழலின் விளிம்பில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் அடிபட்டதும் அவளுக்கும் சுருக்கென்று வந்துவிட்டது.

"நீங்க மட்டும் நிழல்ல நின்னுக்கிட்டு எங்களைத் திட்டறீங்களே கானும்?"

ஃபரங்கீஸ் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். உண்மைதான். தூணோரம், தலையிலிருந்து கால்வரை கறுப்புத் துணிக்குள், நிழலில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுக்க வைத்தவளின் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. பத்து வருடமாகக் குடைகிற முழங்காலுக்கு அவள் வைத்திருந்த பெயர் வயது.

தாழ்வாரத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வெயிலின் நடுவில் போட்டாள். உட்கார்ந்தாள். முக்காட்டை உருவி மடியில் போட்டாள். நரைத்து மெலிந்த முடி, பின்னால் ஒரு ரப்பர் வளையத்தில். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள், காலுறையைக் கழற்றினாள். கையும் காலும் பிசைந்த மாவுபோல வெளுத்துக் கிடந்தன. பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். வெயில் அவள் தலையில் சுள்ளென்று இறங்கியது. எத்தனை வருடமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

"என்னடி முறைக்கறீங்க, பேயைக் கண்ட மாதிரி?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஹ்பானு இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினாள். நாற்காலி நிழலைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றது. இன்னும் நாலைந்து பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

"முதல்ல அந்த முக்காட்டை எடுங்கடி" என்று கத்தினாள் ஃபரங்கீஸ். "மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."